நாலு ஓட்டை, ஒரு தழும்பு

என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு என் மூத்தார் தன் வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் அது. மேல்வீட்டுக் கண்ணம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு பை கமலா ஆரஞ்சும் கொண்டுவந்திருந்தாள். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த என்னிடம் "எப்படி இருக்குது சக்தி?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவரின் அண்ணன் அங்கப்பன் மாமா சட்டைப் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். "இதப் பாருங்க. இதுதான் ஆப்பரேசன். நெஞ்சுக்குழியில கத்திய வெச்சவன் தொப்புளுக்குக் கீழ வந்துதான் எடுத்தான்." கண்ணம்மாள் அந்தத் தழும்பை இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் ஊரான கொட்டச்சேட்டில் அதைப் பார்க்காத ஆளே கிடையாது. டீக்கடையில் காட்டுவார், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது காட்டுவார், ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கும் காட்டி அனுப்பினார். காபி மூட்டையைக் கோணி ஊசியால் தைத்த மாதிரி தடித்துக் கிடக்கும். அப்படியிருந்தும் அவள் அன்றுதான் பார்ப்பவள் போல "அய்யோ சாமி" என்று கன்னத்தில் கை வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஓட்டைதான போட்டாங்க?" என்றாள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

எங்கள் இருவருக்கும் எடுத்தது ஒரே உறுப்புதான். இடது விலாவுக்கு அடியில் இருக்கிற மண்ணீரல். மஞ்சக்குட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது மாமா வளைவில் சறுக்கி விழுந்தார். ஹேண்டில்பார் விலாவில் குத்தியது. ஒன்றுமில்லை என்று எழுந்து, பைக்கையும் நிமிர்த்தி ஓட்டிக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் முகம் வெளுத்து விழுந்தார். ஜீப்பில் போட்டு மலையிறக்கி சேலத்துக்குக் கொண்டுபோனபோது வயிறு முழுக்க ரத்தம். ஒரே கிழியாகக் கிழித்து, வெடித்துப்போன மண்ணீரலை எடுத்துப் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அவர் பிழைத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததில்தான் குறை. காயம் ஆறும் வரைக்கும், ஆறின பிறகும்கூட, அவரை ஒரு சொம்பு தூக்க விடவில்லை. அவர் மனைவி, என் ஓரகத்தி தனலட்சுமி அக்கா ஆட்டுக்கால் சூப்பாக வைத்துத் தள்ளினாள். அந்த வருடம் அவர் பங்குக் காபியை ஊரே கூடிப் பறித்துக் கொடுத்தது. இன்றைக்கும் அவர் மூட்டை தூக்குவதில்லை. தோட்டத்து ஓரத்தில் நின்று, யார் செடியில் பழம் விட்டுப்போயிருக்கிறது என்று சொல்வதுதான் அவருடைய வேலை.

என் கதை வேறு. எனக்கு அடிபடவில்லை. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களை என்னுடைய மண்ணீரலே அழித்துக்கொண்டிருந்தது. செடியின் கிளை உரசினால் போதும், கையில் நீலமாகக் கன்றிவிடும். பல் தேய்த்தால் ரத்தம் வரும். முதலில் ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? சந்திரசேகர் பெண்டாட்டியை அடிக்கிறான் என்று பேசினார்கள். அந்த மனுஷன் ஈயைக்கூட அடிக்கமாட்டார். அண்ணன் சொன்னால்தான் அடிப்பார். அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், முகம் உப்பிக்கொண்டது. "கல்யாணமாயி இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்குது" என்று என் மாமியார் காளியாயி அத்தை சந்தோஷப்பட்டார். மாத்திரையை நிறுத்தினால் தட்டணு மறுபடியும் இறங்கியது. கடைசியில் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று சொன்னார்கள்.

ஆப்பரேஷனைப் பற்றிப் பேச சேலத்துக்குப் போனபோது மாமாவும் கூட வந்தார். அனுபவஸ்தர் அல்லவா. டாக்டர் ஃபெபி என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே மாமா தொடங்கிவிட்டார்.

"கிழிச்சு எடுத்தாத்தானுங்க மேடம் சுத்தமா எடுக்க முடியும்? எனக்கு அப்படித்தானுங்க எடுத்தாங்க." சொல்லும்போதே கை பித்தானுக்குப் போய்விட்டது.

"வேண்டாங்க, போட்டுக்கோங்க," என்றார் டாக்டர். "உங்களுக்கு உள்ள ரத்தம் கொட்டிட்டிருந்திருக்கு. கேமரா வெச்சுப் பாத்துட்டிருக்க நேரமில்ல. உடனே திறந்தாத்தான் உசுரு. இவங்களுக்கு அந்த அவசரம் இல்ல, மண்ணீரலும் வீங்கல. நாலு இடத்துல சின்னதா ஓட்டை போட்டே எடுத்துடலாம். ஆப்பரேஷனுக்கு நேரம் கூடப் பிடிக்கும். ஆனா வலி கம்மி, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். பெரிய தையல்ல பின்னால குடல் இறங்கற தொந்தரவு வரும், அதுவும் இதுல கம்மி. ஒருவேளை நடுவுல ரத்தம் நிக்கலைன்னா திறந்துதான் ஆகணும். அதுக்கும் இப்பவே சம்மதம் சொல்லிடணும்."

என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேலைக்கு எப்பங்க போலாம்?"

"திறந்து எடுக்கறதைவிட சீக்கிரம் போகலாம். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் டாக்டர் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. ஏறியது 'சீக்கிரம்' மட்டும்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தார், அண்ணன் தலையாட்டினார், முடிந்தது. யாருடைய வயிறு என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் மாமாவின் போன் அடித்தது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துச் சின்னையன், இந்த வருடம் பழம் முன்னாடியே சிவக்கிறது என்று சொல்ல. அண்ணன் தம்பி இரண்டு பேரும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். டாக்டர் அவர்கள் போவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "சிவசக்தி, நீங்களாவது கேட்டுக்கோங்க. எப்படி எடுத்தாலும் உள்ள ஒண்ணுதான், மண்ணீரல் இருக்காது. சில கிருமிங்களை அடக்கறது அதுதான். அதனால முன்கூட்டியே தடுப்பூசி போட்டுடுவோம். அதுக்கு மேலயும், எப்பக் காய்ச்சல் குளிரோட வந்தாலும் கஷாயம் வெச்சுக் குடிச்சுட்டுப் படுக்கக் கூடாது. நான் குடுக்கற மாத்திரையை உடனே போட்டுட்டு, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோ அங்க போய் 'எனக்கு மண்ணீரல் இல்லை'ன்னு சொல்லுங்க. காலையில வந்த காய்ச்சல்ல சாயங்காலம் போயிட்டவங்களை நான் பாத்திருக்கேன். இது இன்னைக்கு நாளைக்கு இல்ல, ஆயுசுக்கும்." பஸ்ஸில் மலையேறும்போது இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். மாமா முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஆப்பரேஷன் முடிந்து திரும்பிய பிறகு, முழுதாக எடுத்துவிட்டார்கள் என்று சொன்னால் வீட்டில் யாருமே நம்பவில்லை. "நாலு ஓட்டையில எப்படி சாமி அத்தாம் பெரிய மண்ணீரலு வரும்? கொஞ்சமா வெட்டி எடுத்திருப்பாங்க. மீதி உள்ளதான் இருக்கும்" என்றார் அத்தை. உள்ளேயே ஒரு பையில் போட்டு, அதைத் துண்டாக்கி, நாலில் பெரிய ஓட்டை வழியாக எடுத்தார்கள் என்று விளக்கினேன். தனலட்சுமி அக்கா சிரித்துச் சிரித்து, "மிக்ஸி உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தாங்களாட்ட இருக்குது" என்றாள். சிரிப்பு வரத்தான் செய்தது, சிரித்தால் வயிறு வலித்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு அது முடியவில்லை. ஊருக்கே ஒரு கணக்கு இருக்கிறது. காயம் எவ்வளவு நீளமோ நோய் அவ்வளவு பெரியது. மாமாவுக்கு முழுதாக எடுத்தார்கள், எனக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். அவர் தழும்பை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். என்னுடையதை யார் பார்த்தது? பொம்பிளை வயிற்றைக் காட்டிக்கொண்டா திரிய முடியும்?

எங்கள் பக்கம் சின்னத் தோட்டக்காரர்கள் காபிப் பறிப்புக்கு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வார்கள். மாத்தாள் என்பது அதற்குப் பெயர். இன்றைக்கு உன் தோட்டத்தில் எங்கள் வீட்டுக் கை இறங்கும், நாளைக்கு எங்கள் தோட்டத்தில் உன் வீட்டுக் கை இறங்கும். கை வராத வீட்டுக் காபி செடியிலேயே காய்ந்து உதிர வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு கை, ஒன்று தனலட்சுமி அக்கா, இன்னொன்று நான். செத்த வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மாமா விழுந்த வருடம் அவருக்காகப் புதிதாக ஒரு விலக்கைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு அதை நீட்டிக்க யாருக்கும் தோன்றவில்லை. "டாக்டரே சீக்கிரம் போலாம்னு சொல்லிட்டாங்களாமே" என்று ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. சீக்கிரம் என்றால் எப்போது என்று டாக்டர் சொன்னது மட்டும் தெரியவில்லை. பொங்கல் முடிகிற வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது என்றிருந்தார். மார்கழி பிறந்ததும் அத்தை என் கையில் பறிப்புப் பையைக் கொடுத்தார். "ஒக்காந்து பறிக்கற செடியாப் பாத்துப் பறி கண்ணு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பறிக்கிற பொம்பிளைகள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வோம். கிளை கீறாது, எறும்பும் ஏறாது. எனக்குக் கிடைத்தது மாமாவின் பழைய சட்டை. சாக்குப் பையை இடுப்பில் கட்டினால் முடிச்சு சரியாக இடது பக்கத்துப் பெரிய ஓட்டையின் மேல் உட்காரும். மண்ணீரலை வெளியே எடுத்த ஓட்டை அது. முடிச்சை வலது பக்கம் தள்ளிக் கட்டினால் பை காலில் இடிக்கும். பழம் சேரச் சேரப் பை கனத்து முடிச்சு தானாக இடது பக்கமே நகர்ந்து வரும். நானும் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டுக்கொண்டே இரண்டு தோட்டம் பறித்து முடித்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எதைச் சொல்லுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாவதாகச் சின்னையன் தோட்டம். காலையில் பனி நல்ல கனம். சில்வர் ஓக் மரங்களின் உச்சி எதுவும் தெரியவில்லை, இலையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழுந்தது. எல்லோருக்கும் குளிர்ந்ததால் எனக்குக் குளிர்ந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. வெயில் ஏறி மற்றவர்கள் தலைத்துண்டை அவிழ்த்தபோதும் என் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. பறித்த பழம் பைக்குள் விழாமல் கீழே விழுந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. டாக்டர் ஃபெபியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. பர்ஸில் எப்போதும் வைத்திருக்கிற மாத்திரையை எடுத்து, கண்ணம்மாளின் தூக்குப்போசியில் இருந்த கடுங்காப்பியோடு விழுங்கினேன். பாறை மேல் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். ஏறி என் கணவருக்குப் போன் போட்டேன். அவர் ஷேர் ஜீப் ஓட்டுகிறார்.

"ஏனுங்க, குளிர் காய்ச்சலுங்க. டாக்டர் சொன்னாங்கல்ல, அதுங்க. உடனே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போகோணும். வண்டிய எடுத்துட்டு வாங்க."

 அவர் கேட்டதெல்லாம் இதுதான். "அண்ணன் என்ன சொல்றாரு?"

போனைப் பாறையில் அடித்து உடைத்திருப்பேன். அப்புறம் போன் இல்லாமல் நான்தான் அழ வேண்டும் என்று கட் செய்து மட்டும் வைத்தேன். என் காய்ச்சலுக்கு அவர் அண்ணனிடம் உத்தரவு. கீழே பாதையில் சின்னையனுடைய ஜீப் நின்றிருந்தது. பழத்தோலை உரிக்கிற பல்ப்பர் மெஷினுக்குப் போக வேண்டிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய், "அண்ணா, என்னைய ஏற்காட்டுல கொண்டுபோய் விடுங்க" என்றேன். சின்னையன் மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழம் இன்னைக்கே அரைக்கலீன்னா புளிச்சுரும் புள்ள. மத்தியானமா ஒரு நடை போலாமா?" என்றார்.

மாமா அதற்குள் வந்துவிட்டார். வழக்கம் போலச் சட்டையில் மேல் இரண்டு பித்தான் திறந்து கிடந்தது. "என்ன, காச்சலா? அதுக்கென்ன இப்ப. எனக்கு முழுசாவே எடுத்துட்டாங்க. ஐப்பசியில காச்சல் வந்துச்சு, உங்கக்கா மிளகு கஷாயம் வெச்சுக் குடுத்தா, போத்திப் படுத்தேன், ரெண்டு நாள்ல ஓடிப்போச்சு. உனக்குக் கொஞ்சூண்டு எடுத்ததுக்கு ஏற்காடு, சேலம்னு ஊரக் கூட்டறயே. போய் நெழல்ல உக்காரு."

கொஞ்சூண்டு. அத்தனை நாள் அடக்கி வைத்தது அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது. நான் போட்டிருந்த அவருடைய பழைய சட்டையின் கீழ்ப் பித்தான்களைக் கழற்றினேன்.  ஒரு பித்தான் வராமல் பிய்ந்து எங்கோ தெறித்தது. பை முடிச்சைத் தள்ளி, சேலையை ஒதுக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு நடுப்பாதையில் நின்றேன். "அய்யோ சக்தி, ஆம்பளைங்க இருக்காங்க புள்ள" என்று கண்ணம்மாள் கத்தினாள்.

"அவுரு காட்டறப்பப் பொம்பளைங்க இல்லீங்களா?" என்றேன். "இத்தன நாளு அவுருதப் பாத்தீங்கல்ல, இன்னைக்கு என்னுதையும் பாருங்க. மாமா, நீங்களும் பாருங்க. இந்த ஓட்டை வழியாத்தான் முழுசும் எடுத்தாங்க. முழுசும்! உங்களுக்கு முழம் நீளத்துக்குக் கிழிச்சதும் எனக்கு நாலு ஓட்டை போட்டதும் வெளியிலதானுங்க வித்தியாசம். உள்ள ரெண்டு பேருக்கும் அந்த எடம் காலி. காச்சல் வந்தா தடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. காலைல காச்சல் வந்து சாயங்காலம் செத்தவங்க இருக்காங்கன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் போன் பேச எந்திரிச்சுப் போயிட்டீங்க. ஐப்பசியில நீங்க பொழைச்சது கஷாயத்துல இல்ல, அதிர்ஷ்டத்துல. உங்களுக்குத் தடுப்பூசி போட்டாங்களா? சொல்லுங்க, போட்டாங்களா?"

  பதில் வந்தது தனலட்சுமி அக்காவிடமிருந்து. அவள் பறிப்புப் பையோடு செடிகளுக்கு நடுவில் அப்படியே நின்றிருந்தாள். "தையல் பிரிக்கப் போனதோட சரி," என்றாள் மெதுவாக. "ஊசி போடோணும், அடுத்த மாசம் வாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நான் எத்தன தடவ கூப்புட்டேன்? காயந்தான் ஆறிப்போச்சேன்னு சொல்லிட்டீங்க." அப்புறம் அவள் குரல் உயர்ந்தது. "ஐப்பசியில ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டு நடுங்குச்சே! நான் போத்தி உட்டுட்டுப் பக்கத்துல படுத்துத் தூங்கினேனே!" பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஜீப்பின் பின்பக்கம் ஏறினாள். ஒரு மூட்டையைக் காலால் நெட்டித் தள்ளினாள். வாய் பிரிந்து பழம் பாதையெல்லாம் ஓடியது. "ஏனுங்க சின்னையண்ணா, இன்னும் என்ன பாத்துட்டு நிக்கறீங்க, எறக்குங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் சின்னையன் தானே இரண்டு மூட்டையை இறக்கினார். அதுவரை நிழலில் நின்றிருந்த ஆட்களும் வந்து கை கொடுத்தார்கள்.

என் இடுப்பு முடிச்சு பனியில் நனைந்து இறுகிப்போயிருந்தது, என் விரலுக்கு அவிழவில்லை. அக்கா குனிந்து பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். அவள் முகம் அந்த ஓட்டைக்கு எதிரே இருந்தது. "மிக்ஸின்னு சிரிச்சேன்," என்று மட்டும் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்று என் வாயில் வரவில்லை. அதற்கெல்லாம் நேரமில்லை, மனசும் இல்லை. போர்வை மாதிரி ஒரு கோணியை என் மேல் சுற்றி ஜீப்பில் ஏற்றினாள்.

வண்டி கிளம்பி நாலடி போயிருக்காது, பின்னால் யாரோ தட்டும் சத்தம் கேட்டு நின்றது. அங்கப்பன் மாமா. ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்தார். அக்கா அவரைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையோரத்துச் செடிகளில் பழம் செக்கச் சிவந்து கிடந்தது. பள்ளம் ஒவ்வொன்றிலும் வண்டி தூக்கிப் போட, என் விலாவுக்கு அடியில் காலியாகக் கிடக்கிற அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குளிர் எலும்புக்குள்ளிருந்து வந்தது. நேரத்துக்குப் போய்ச் சேருவோமா என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தையும் மீறி எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் மேலும், 'அண்ணன் என்ன சொல்றாரு' மேலும் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கினாலும் அது இறங்காது என்று தோன்றியது.

ஏற்காடு போகிற தார் ரோட்டில் ஏறியதும் மாமா தொண்டையைச் செருமினார். "ஏம் புள்ள," என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அங்க போயி என்னன்னு சொல்லோணும்?"

எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. "மண்ணீரல் இல்லைன்னு சொல்லோணும்" என்று கத்தினேன். சின்னையன் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவர் அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஜீப்புக்குள் காற்று ஈரமாக அடித்தது. அவர் குனிந்து சட்டைப் பித்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். அவர் சட்டையிலும் நடுவில் ஒரு பித்தான் இல்லை. அந்த இடைவெளியில் தழும்பின் ஒரு துண்டு தெரிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.